பின்களில் தெர்மல் பேஸ்ட் பட்டதால் புராசஸர் போய்விட்டது என்று சொல்லும் கடைகளிடம் கவனமாக இருங்கள்

கணினியின் குளிர்விக்கும் விசிறி இரைச்சலிட்டதால், அதை மட்டும் மாற்றித் தருமாறு ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். என்னுடையது ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் புராசஸரைப் பொருத்தும் துளைகள் கொண்ட இடம்) அமரும் ரைசன் புராசஸர். அதன் ஊசி போன்ற 1331 பின்களும் புராசஸரின் அடிப்புறத்திலேயே இருக்கும். சாக்கெட்டின் நெம்புகோல் அந்தப் பின்களை இறுக்குமே தவிர, மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் எதுவும் அதில் இல்லை. விசிறியைத் தாங்கி, புராசஸரின் மேல் அமர்ந்து வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி ஹீட்சிங்க். இரண்டுக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தப் பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட், அது இறுகினால் இரண்டையும் ஒட்டிவிடும். ஆகவே கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகிய பின், ஹீட்சிங்கை இடமும் வலமுமாகத் திருகி எடுக்க வேண்டும். கடை ஊழியரோ குளிர்ந்து கிடந்த ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தார். புராசஸரும் அதனுடன் பிடுங்கிக்கொண்டு வந்தது.

அதைப் பிரித்தெடுக்கும்போது பின்களுக்கு இடையில் அப்பிய பேஸ்டை அவர் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்ததை நானே பார்த்தேன். மறுநாள் கடை உரிமையாளர், பேஸ்ட் உள்ளே போய் ஷார்ட் ஆகிவிட்டது, வேறு புராசஸர்தான் போட வேண்டும் என்று சொல்லி, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார். பழையதைத் திருப்பித் தரவும் அவருக்கு மனமில்லை, வற்புறுத்தித்தான் வாங்கினேன்.

அவர் கூறிய காரணம் பொய். கடைகளில் பரவலாகப் புழங்கும் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பேஸ்ட், சிலிக்கோனில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்ற தூள்களைக் கலந்து செய்யப்படுவது. அது மின்சாரத்தைக் கடத்தாது. காலியம் கலந்த திரவ உலோகம் கடத்தும். ஆனால் என் கணினியில் அது இல்லை. சாதாரணப் பேஸ்ட் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் தொடர்பைத் தடுக்கலாம், அவ்வளவே, துடைத்தால் சரியாகிவிடும்.

வேறொரு தொழில்நுட்பர் பழைய புராசஸரை உருப்பெருக்கியில் காட்டியபோது, ஓர் ஓரத்து வரிசைகள் தேய்த்த திசையிலேயே சாய்ந்திருந்தன. அவர் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பல்துலக்கியை வரிசையின் போக்கிலேயே ஓட்டிப் பேஸ்டைக் கரைத்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனையால் பின்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். புராசஸர் உயிர்பெற்றது. முதலில் ஒரு பக்கத்து ரேம் மட்டும் தெரியவில்லை. சாய்ந்திருந்த இன்னொரு பின்னை நிமிர்த்தியதும் அதுவும் தெரிந்தது. பஞ்சு மட்டும் வேண்டாம், அதன் இழைகள் பின்களில் சிக்கிக்கொள்ளும் என்றார் அவர். அந்த ஆல்கஹால், சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் ஐபிஏ என்று கேட்டாலே கிடைக்கும் பொருள்தான். முதல் கடையில் ஏன் இல்லை என்பது எனக்கு இன்னும் வியப்பு.

இப்படிச் சொல்லும் கடையில், பணம் கொடுக்கும் முன் பின்களைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய புராசஸரைக் கையோடு வாங்குங்கள். புதியதன் மாடலையும் வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பில்லையும் படங்களையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிவு செய்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை.