மூன்று வகைச் செய்தி அறிவிப்புகள்: 14 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கைப்பேசி வாங்கிய மூன்றாம் நாளே அதற்கு மதிப்பீடு எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். அந்தக் கைப்பேசிக்குள் நாள்தோறும் வந்து விழுகிற செய்தியையும் ஒரு பண்டமாகக் கருதி, அது எத்தனை காலம் உழைத்தது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதா என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. நான் 2011 முதல் அறிவியல், தொழில்நுட்பம், பொருளாதாரம் ஆகிய மூன்று பிரிவுகளின் செய்திகளைத் தவறாமல் வரவழைத்துப் படித்து வருகிறேன். தொடக்கத்தில் அவை மின்னஞ்சலாக வந்தன. பின்னர் செயலியின் அறிவிப்பாக மணியடித்துக்கொண்டு வரத் தொடங்கின. ஒரே மின்விசிறியை 14 ஆண்டுகள் பயன்படுத்தியவருக்கு அதன் ஓசையை வைத்தே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்கு இந்தப் பண்டத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு.

தொடக்கத்திலேயே இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் செய்தி, மூன்றாவதில் அது நடந்தேறும் என்று சொல்லப்பட்ட கெடு, நான்காவதில் கடைசியில் என்ன ஆயிற்று என்பது. முதல் மூன்றையும் செய்தியே நிரப்பிக் கொடுத்துவிடும். நான்காவதை நிரப்புவது முழுக்க என் பொறுப்பாகவே இருந்துவருகிறது, ஏனெனில் அதற்கு யாரும் மணியடிப்பதில்லை. இந்தப் பண்டத்தின் குறைகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே என்பது என் கருத்து.

நோட்டின் முதல் வரி, எதையும் ஊடுருவிச் செல்லும் மிக நுண்ணிய துகளான நியூட்ரினோவைப் பற்றியது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள ஆய்வகத்துக்கு, ஏறக்குறைய 730 கிலோமீட்டர் கடந்து வந்த நியூட்ரினோக்கள், ஒளி வந்து சேர வேண்டிய நேரத்துக்கு 60 நானோநொடி முன்பாகவே வந்துவிட்டதாக ஓபெரா ஆய்வுக் குழு 2011 செப்டம்பரில் அறிவித்தது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டார் என்ற தொனியில் வந்த அந்த மின்னஞ்சலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவருடைய சார்பியல் கோட்பாட்டுக்கு இரங்கல் உரை நிகழ்த்தினேன். சில மாதங்கள் கழித்து, நேரத்தை அளக்கும் கருவியோடு இணைந்த ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்ததே முதன்மையான காரணம் என்று தெரியவந்தது. இதை நானாகத் தேடியபோதுதான் அறிந்தேன். உண்மையில் அந்தக் குழுவினர், தங்கள் அளவீட்டில் பிழை எங்கே இருக்கிறது என்று தங்களுக்குப் புலப்படவில்லை, மற்றவர்கள் சரிபார்க்க வேண்டும் என்றுதான் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார்கள். அந்த வேண்டுகோளைத் தலைப்பு விழுங்கிவிட்டது. என் இரங்கல் உரையைக் கேட்டவர்களிடம் திருத்தத்தைச் சொல்லப் போனபோது, ஒருவருக்கும் முதல் செய்தியே நினைவில் இல்லை. அது எனக்கு ஆறுதலா அவமானமா என்பதை இன்றுவரை முடிவு செய்யவில்லை.

பட்ட அறிவு பிற்காலத்தில் உதவியது. அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தி, காந்தத்தின்மேல் மிதக்கவும் வல்ல பொருளாக இயங்குவதாகத் தென்கொரிய ஆய்வாளர்கள் அறிவித்த எல்கே-99 என்ற பொருள், 2023 ஜூலை இறுதியில் உலகத்தையே கிறங்கடித்தபோது, நான் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். காந்தத்தின்மேல் ஒரு முனை ஊன்றியபடி சாய்ந்து நின்ற கருந்துண்டின் காணொளி ஒன்று சுற்றியது. முழுமையாக எழும்பாததை மிதக்கிறது என்று சொல்வதற்கே சற்றுத் துணிச்சல் வேண்டும். ஆகஸ்டு முடிவதற்குள், மின்தடை சட்டென்று விழுந்ததற்கு அதில் கலந்திருந்த தாமிர சல்பைடே காரணம் என்று பிற ஆய்வகங்கள் காட்டிவிட்டன. இடைப்பட்ட நாட்களில் தென்கொரியப் பங்குச் சந்தையில், மீக்கடத்தியோடு உறவு உண்டு என்று கருதப்பட்ட நிறுவனங்களின் பங்குகள் ஏறி இறங்கின. எழும்புவதிலும் விழுவதிலும் அவை அந்தத் துண்டைவிடத் திறமையாகவே செயல்பட்டன.

இத்தனைக்கும் அறிவியல் பிரிவுக்குத்தான் என்னிடம் அதிக மதிப்பெண். விற்ற பண்டம் பழுது என்றால் தானே திருப்பி வாங்கிக்கொள்ளும் வழக்கம் மூன்றில் அதற்கு மட்டுமே உண்டு. சில வேளைகளில் அது சொல்வது முழுக்கச் சரியாக இருந்தும் நாம்தான் தவறாகப் படிக்கிறோம். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 60 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறை, 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு 1 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று 2025 ஜனவரி இறுதியில் அறிவிப்பு வந்தது. பிறகு 2-ஐக் கடந்தது. பிப்ரவரி 18 அன்று 3.1-ஐத் தொட்டது. எண் ஏறுவதைப் பார்த்து, பாறை நம்மை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது என்றே நானும் நினைத்தேன். ஆனால் பாறை தன் பாதையில் பேசாமல் போய்க்கொண்டிருந்தது. மாறியது நம்முடைய அறியாமையின் நீளம் மட்டுமே. சில வாரக் கவனிப்பை மட்டும் வைத்துக் கணக்கிடும்போது, 2032-இல் அது இருக்கக்கூடிய இடங்கள் ஒரு நீண்ட கோடாக நீள்கின்றன. பூமி அந்தக் கோட்டில் ஒரு சிறு புள்ளி. மேலும் கவனிக்கக் கவனிக்கக் கோடு குறுகுகிறது. பூமி அதற்குள் இருக்கும்வரை, குறுகிய கோட்டில் பூமியின் பங்கு கூடுவதால் விழுக்காடும் கூடத்தான் செய்யும். கோட்டின் முனை பூமியைக் கடந்து உள்ளே சுருங்கியதும் எல்லாம் சரிந்துவிடும். அப்படியே ஒரு வாரத்துக்குள் 0.004 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. ஏறியபோது நான்கு முறை மணியடித்த செயலி, இறங்கியபோது ஒருமுறைகூட அடிக்கவில்லை. பேரழிவிலிருந்து தப்பியதைப் பயனருக்குத் தெரிவிக்கும் வசதி அடுத்த பதிப்பிலாவது சேர்க்கப்படும் என்று நம்புகிறேன்.

தொழில்நுட்பப் பிரிவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஏனெனில் அது வருங்கால வினைமுற்றைத் தவிர வேறொன்றையும் பயன்படுத்துவதில்லை. 2019-இல் கூகுளின் 53 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கொண்ட சைகமோர் சில்லு, மீக்கணினிக்கு 10,000 ஆண்டுகள் ஆகக்கூடிய கணக்கை 200 நொடியில் முடித்ததாகச் செய்தி வந்தது. அதெல்லாம் இல்லை, எங்கள் கணினிக்கு இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் உடனே மறுத்தது. 10,000 ஆண்டுகள் என்பது பேரத்தில் இரண்டரை நாளாக இறங்குமானால், தொடக்க விலையைச் சொன்னவரின் மனத்துணிவை வியக்கத்தான் வேண்டும். 2024 டிசம்பரில் வந்த கூகுளின் அடுத்த சில்லான வில்லோவுக்கு, மீக்கணினி எடுத்துக்கொள்ளும் நேரமாக 1-க்குப் பின் 25 சுழியங்கள் கொண்ட ஆண்டுக் கணக்கு சொல்லப்பட்டது. பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான் என்பதால் இந்த முறை யாராலும் பேரம் பேச முடியவில்லை. இரண்டு முறையும் செய்யப்பட்டது, அன்றாட வேலை எதற்கும் பயன்படாத ஒரு சோதனைக் கணக்கு. அந்த விவரம் செய்தியின் எட்டாவது பத்தியில் இருந்தது. வில்லோவில் உண்மையிலேயே போற்றத்தக்கது, கியூபிட்டுகளைக் கூட்டக்கூட்டப் பிழை குறைந்தது என்பதே. அது ஒன்பதாவது பத்தியில் இருந்தது.

இதே பிரிவில்தான், கதிரியக்க நோயறி மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் கணினி அவர்களை விஞ்சிவிடும் என்று செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. கெடுக் கட்டத்தில் 2021 என்று எழுதியிருக்கிறேன். அம்மருத்துவர்கள் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். மென்பொருளையும் ஒரு கருவியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹின்டனுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அது செயற்கை நரம்பு வலையமைப்பு ஆய்வுக்காக, சோதிடத்துக்காக அல்ல.

பொருளாதாரப் பிரிவு தனி ரகம். காலையில் அச்சத்தின் காரணமாகச் சந்தை சரிந்தது என்றும், மாலையில் அதே அச்சம் தணிந்ததன் காரணமாக மீண்டது என்றும் இரண்டு அறிவிப்புகள் ஒரே நாளில் வரும். அச்சம் மதிய நேரத்தில் எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது. சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த செலவில் உருவாக்கியதாகச் சொன்ன ஆர்1 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி 2025 ஜனவரி 20 அன்று வெளிவந்தது. சந்தைக்கு அது உறைத்தது 27-ஆம் தேதி. அன்று ஒரே நாளில், செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளை விற்கும் என்விடியாவின் மதிப்பில் சுமார் 58,900 கோடி டாலர் கரைந்தது. எல்லாத் தகவலையும் உடனுக்குடன் விலையில் சேர்த்துவிடும் என்று புகழப்படும் சந்தை, ஒரு வாரம் எங்கோ வெளியூர் போயிருந்தது போலும். அமெரிக்கக் கடன் பத்திரங்களில் குறுகிய கால வட்டி நெடுங்கால வட்டியை மிஞ்சினால் மந்தநிலை வரும் என்பது பழைய பாடம். 2022 ஜூலை தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தும், அந்தக் காலத்தில் மந்தநிலை வரவில்லை. கடந்த 5 மந்தநிலைகளில் 9-ஐப் பங்குச் சந்தை முன்கூட்டியே கணித்திருக்கிறது என்று பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1966-இல் எழுதிய கேலியை அந்த வரிக்கு எதிரே குறித்து வைத்திருக்கிறேன்.

நேர்மையாக எழுதுவதானால், என் ஐயமும் ஒருமுறை என்னைக் கவிழ்த்திருக்கிறது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் விலை பீப்பாய்க்கு 37.63 டாலர் என்று வந்த அறிவிப்பில், எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது. செயலியின் கோளாறு என்று நினைத்துக் கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினேன். குறி அப்படியே இருந்தது. பெருந்தொற்றால் தேவை படுத்துவிட, மே மாதத்தில் எண்ணெயைப் பெற்றுக்கொள்வதற்கான ஒப்பந்தம் மறுநாள் முடியவிருக்க, அந்த எண்ணெய் ஒப்படைக்கப்படும் அமெரிக்காவின் குஷிங் நகரத்துக் கிடங்குகளில் இடம் பிடிக்க வழியில்லாமல், எண்ணெயையும் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே பணமும் தருகிறோம் என்று ஒப்பந்தத்தை வைத்திருந்தவர்கள் கெஞ்சிய நாள் அது. நான்காவது கட்டத்தில், அன்றே, உண்மை என்று எழுத முடிந்த மிகச் சில வரிகளில் அதுவும் ஒன்று.

இப்போதைய அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பிரிவுகளுக்கும் மணியை அணைத்துவிட்டேன். தொழில்நுட்பத்தை மாதம் ஒருமுறை மொத்தமாகப் படிக்கிறேன்; அதற்குள் பாதிச் செய்திகள் தாமாகவே காலாவதியாகிவிடுவதால் நேரம் மிச்சம். பொருளாதாரத்தில் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுகிறேன். அறிவியலை வாரம் ஒருமுறை, கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் அணுக்கரு இணைவுச் சோதனையில் (சூரியனில் நடப்பதுபோல் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெறும் முயற்சி) 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் கிடைத்த செய்தியையும் அப்படித்தான் படித்தேன். அந்த லேசர்களை இயக்க மட்டும் சுமார் 300 மெகாஜூல் செலவானது என்ற விவரம் அதனால் முதலிலேயே கண்ணில் பட்டது.

நோட்டில் இணைவு ஆற்றலுக்கு மட்டும் பென்சிலால் எழுதுகிறேன். பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் என்ற பன்னாட்டு இணைவு உலை இயங்கத் தொடங்கும் கெடுவை முதலில் 2020 என்று எழுதியிருந்தேன். 2016-இல் அதை அழித்து 2025 ஆக்கினேன். 2024-இல் 2034 என்று எழுதப் போனபோது, அழித்து அழித்து மெலிந்திருந்த தாள் அந்த இடத்தில் கிழிந்துவிட்டது. பின்பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, அதன்மேல் எழுதி வைத்திருக்கிறேன்.