கிரிம்ராக்கா, டார்க்கஸ்ட் டஞ்சனா: கடைசிவரை சலிக்காத சண்டை எதில்?

நிலவறைக்குள் இறங்கும் கேம்களில் இரண்டை அடுத்தடுத்து ஆடினேன்: 2012இல் வந்த லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக், 2016இல் முழுமையாக வெளியான டார்க்கஸ்ட் டஞ்சன். இரண்டிலும் நான்கு பேர் கொண்ட குழு, இரண்டிலும் இருட்டு, ஒற்றுமை அதோடு சரி. மறுபடி ஆட நான் வைத்துக்கொண்டது டார்க்கஸ்ட் டஞ்சனைத்தான். காரணம் முழுக்க முழுக்கச் சண்டை.

கிரிம்ராக் 1987இன் டஞ்சன் மாஸ்டர் என்ற கேமின் வழியில் வந்தது. கட்டம் கட்டமாக நகர வேண்டும், ஆனால் நேரம் நிற்காது. மந்திரம் போடும் விதம் அபாரம்: ஒன்பது ரூன்களில் (மந்திரக் குறிகளில்) சரியானவற்றைத் தேர்ந்து அழுத்த வேண்டும். எதிரி முகத்துக்கு நேரே நிற்கும்போது விரல் தடுமாறும். முறைவைத்து அடிக்கும் டார்க்கஸ்ட் டஞ்சனில் அந்தப் பதற்றம் கிடையவே கிடையாது.

ஆனால் இரண்டுக்கு இரண்டு கட்டம் காலி இடம் கிடைத்துவிட்டால் பெரும்பாலான சண்டைகள் முடிந்த மாதிரிதான். பக்கவாட்டில் விலகு, எதிரி திரும்புவதற்குள் வெட்டு, மறுபடி விலகு. இது கைவந்தபின் ஓகர் என்ற பெரிய அரக்கன் வந்தாலும் அதே சுற்றுதான். குறுகலான பாதையில் மாட்டும்போது மட்டும் பழைய பயம் திரும்புகிறது. 2014இல் வந்த இரண்டாம் பாகத்தைக் கொஞ்ச தூரமே ஆடியிருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு கேள்விதான்: ஒரே தந்திரம் எல்லாச் சண்டைக்கும் போதுமா? டார்க்கஸ்ட் டஞ்சனில் போதாது. நம் நால்வர் ஒரு வரிசை, எதிரே நால்வர் வரை ஒரு வரிசை. ஒவ்வொரு திறனையும் எந்த இடத்தில் நின்றால் பயன்படுத்தலாம், அது எதிரணியில் எந்த இடத்தை எட்டும் என்பதற்குக் கறாரான வரம்பு உண்டு. பின்னால் நின்று குண்டு வீசும் பிளேக் டாக்டர் என்ற வீரரை எதிரி முன்னுக்கு இழுத்துவிட்டால், கையெறி குண்டு கையிலேயே இருக்கும், வீச முடியாது. அவரைப் பின்னுக்குக் கொண்டுபோகவே ஒரு முறை வீணாகும். அதற்குள் எதிரணி இன்னொரு முறை அடித்துவிடும்.

இதில் பிணம்கூட ஒரு தடை. முன்னால் நின்றவனைச் சாதாரண வாள்வெட்டில் சாய்த்தால் அவன் பிணம் அந்த இடத்திலேயே கிடக்கும். பின்னால் நிற்பவன் முன்னே நகர மாட்டான், நம் வாளும் எட்டாது. அதே ஆள் விஷம் ஏறிச் செத்தால் பிணம் மிஞ்சாது, வரிசை சட்டென்று முன்னே வரும். ஆக, எதிரியை எப்படிக் கொல்வது என்பதையும் யோசித்தாக வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விதிக்காகவே இதை எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டலாம்.

ஒவ்வொரு வீரருக்கும் மன அழுத்தக் கணக்கும் உண்டு: 100இல் மனம் உடையும் அல்லது அபூர்வமாக உறுதிப்படும், 200இல் மாரடைப்பு.

குறை இல்லாமல் இல்லை. எவ்வளவு கவனமாக ஆடினாலும், அடுத்தடுத்து இரண்டு கிரிட்டிக்கல் (அதிர்ஷ்டத்தில் விழும் பலத்த அடி) விழுந்தால் நல்ல வீரர் போய்விடுவார். அப்புறம் புதிய ஆளை முதலிலிருந்து வளர்க்க வேண்டும். தேறிய வீரர்கள் எளிய நிலவறைக்குள் வரமாட்டேன் என்பார்கள், அதனால் வேலை இன்னும் இழுக்கும். தோற்றால் தவறு முழுக்க என் கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு கிரிம்ராக்தான் சரி, அங்கே விலகத் தெரிந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். டார்க்கஸ்ட் டஞ்சனின் கடைசி நிலவறையை நான் இன்னும் முடிக்கவில்லை. அங்கேயும் இதே சமநிலை இருக்கிறதா என்பதை முடித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.