அடீனியமா, யூபோர்பியாவா? கச்சான் அடிக்கும் வாசலில் எது நிற்கும்?

"தம்பி, வாசல்ல ரெண்டு பூச்செடி வைக்கணும். தண்ணி ஊத்த ஆள் கிடையாது, பாதி நாள் நான் மகன் வீட்டுல கிடக்கேன். அந்தக் குண்டுச் செடி வைக்கவா, முள்ளுச் செடி வைக்கவா?"

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டு லாத்தா (அக்காவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட கேள்வி இது. குண்டுச் செடி என்று அவர் சொன்னது அடீனியத்தை. அடித்தண்டு திரண்டு, யானைக்குட்டியின் காலை மண்ணில் ஊன்றி வைத்ததுபோல இருக்கும். முள்ளுச் செடி, யூபோர்பியா மிலி. விரல் தடிமன் தண்டு முழுக்க முள், நுனியில் மட்டும் நாலு இலையும் கொத்தாகப் பூவும். கீழக்கரையில் கடலுக்கு மூன்று தெரு தள்ளி எட்டு வருடமாக இரண்டையும் வளர்க்கிறேன். இரண்டிலும் சிலவற்றைக் கொன்றும் இருக்கிறேன். அன்று மதிலோரம் நின்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அடீனியத்தின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்காவும் அரேபியாவும். நம் அரளியின் குடும்பம். யூபோர்பியா மிலி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. திருகுகள்ளிக்கும் ஆமணக்குக்கும் உறவு. ஒன்று அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும், மற்றது தண்டு நெடுக வைத்திருக்கும். வெயில் இரண்டுக்கும் வேண்டும், நாளுக்கு 6 மணி நேரமாவது. வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தண்ணீர், காற்று, கவாத்து என்கிற கிளை வெட்டு, இந்த மூன்றில்தான் இரண்டும் பிரிகின்றன.

தண்ணீரும் மழையும்

எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற நாளில் குடம் நிரப்பவே நேரம் போதாது, செடிக்கு எங்கே ஊற்றுவது? அடீனியத்துக்கு உப்புத் தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும். உடனே சாகாது, ஆனால் முகம் வாடியே இருக்கும். மழை பெய்யும்போது தொட்டி அடியில் வழிந்து ஓடும் அளவுக்கு ஒருமுறை நனையவிட்டால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். யூபோர்பியா இந்த விஷயத்தில் பொறுமைசாலி. அதே தண்ணீரில் அதே தெருவில் கருகாமல் நிற்கிறது.

தண்ணீர் குறைந்து அடீனியம் செத்து நான் பார்த்ததில்லை. செத்ததெல்லாம் மழையில்தான். நம் ராமநாதபுரம் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வருடம் முழுக்கக் காய்ந்த தொட்டி, மூன்று மாதம் நனைந்தே கிடக்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அப்போது அங்கே என் மைத்துனர் வீட்டு மொட்டை மாடியில் 6 அடீனியம் இருந்தன. மாடித் தண்ணீரை இறைப்பதா, செடியைப் பார்ப்பதா என்று விட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் 4 செடி அடியில் கொழகொழவென்று ஆகிவிட்டன. பக்கத்திலேயே இருந்த யூபோர்பியா இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது, தை மாதம் துளிர்த்தது.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடீனியத்தின் அடித்தண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கல்போல் இருந்தால் நல்லது. தளர்ந்து சுருங்கியிருந்தால் தாகம். ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று உள்ளே போனால் அழுகல். உடனே பிடுங்கி, அழுகினதைக் கத்தியால் சீவி, வெள்ளையான நல்ல சதை தெரியும்வரை எடுத்துவிட்டு, நிழலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் காயவிட்டுத் திரும்ப நடலாம். மைத்துனரின் நான்கில் ஒன்று இப்படித்தான் பிழைத்தது. இப்போது அது ஒரு பக்கம் குழி விழுந்து கோணலாக நிற்கிறது. எனக்கென்னவோ அதுதான் அங்கே இருப்பதிலேயே அழகான செடி.

மண் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள், அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். கழுவிய ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சம் கரி, அப்புறம் மக்கிய எரு, இது போதும். தொட்டி அடியில் பவளக் கல் போடச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம், அதில் சுண்ணாம்பு வேறு. ஓட்டாஞ்சில்லு போடுங்கள்.

கவாத்து

அடீனியத்தை வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? சாகாது. ஆனால் குச்சி குச்சியாக நீண்டு, அதன் உச்சியில் மட்டும் இரண்டு பூ பூத்து, ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்து ஆட்டும்போது தொட்டியோடு சாயும். பூ வருவது புதுக் கிளையின் நுனியில்தான். நுனிகள் அதிகமானால் பூவும் அதிகம். ஒரு கிளையை வெட்டினால் வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் கிளம்பும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். நம் பக்கத்தில் கவாத்து என்றாலே மல்லிகை நினைவு. தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்த மல்லிகை நாற்றுகள் எங்கெங்கோ போகின்றன. அந்த மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்வார்கள். நான் அதே கணக்கை அடீனியத்துக்கும் போட்டு, ஒரு கார்த்திகையில் மூன்று செடியை மொட்டையடித்தேன். வெட்டிய வாயில் மறுநாளே தூறல். கிளை மேலிருந்து கீழே கறுத்துக்கொண்டே இறங்கியது. தினமும் காலையில் போய் ஒரு அங்குலம் சீவுவேன், மறுநாள் அதற்குக் கீழும் கறுத்திருக்கும். இரண்டு போயின.

அப்போ ஆனி, ஆடியில் வெட்டலாமா? வெட்டினால் அழுகாது. ஆனால் பிஞ்சுத் துளிர் வெளியே வரும் நேரம் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். துளிர் கருகி, சுருண்டு, மூளியாகிவிடும். நான் கண்ட வரையில் மாசிதான் சரி. மழை விட்டு மண் காய்ந்திருக்கும், வெயில் ஏற ஆரம்பித்திருக்கும், காற்று இன்னும் வந்திருக்காது. மாசியில் வெட்டினால் இரண்டு மாதம், இரண்டரை மாதத்தில் பூ. கச்சான் தொடங்கும்போது கிளை முற்றி, தாங்கும் பக்குவத்தில் இருக்கும். இது மன்னார் வளைகுடாவைப் பார்த்த கீழக்கரை, ஏர்வாடிக் கணக்கு. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடாவைப் பார்த்த வீடுகளுக்கு மார்கழி வாடைதான் தொல்லை. அவர்களுக்கும் வாடை ஓய்ந்த மாசி பொருந்தும்.

எவ்வளவு வெட்டுவது? இதிலும் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, அடித்தண்டுக்கு மேல் 3 அல்லது 4 அங்குலம் விட்டு மொத்தமாக மொட்டையடிக்கும். இன்னொரு கட்சி நுனியை மட்டும் கிள்ளும். நீண்டு ஒல்லியான செடிக்கு மொட்டைதான் மருந்து. அதன் பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு நுனி கிள்ளினால் போதும். வருடா வருடம் மொட்டையடிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம், செடி பாவம் துளிர்ப்பதற்கே பிறந்ததுபோல் ஆகிவிடும்.

வெட்டும் பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள், தண்ணீர் தேங்காது. சாற்றைத் துடைத்துவிட்டு மஞ்சள்தூளோ பூஞ்சாணக் கொல்லித் தூளோ தொட்டு வைக்கலாம். வெட்டின பிறகு நாலைந்து நாள் தண்ணீர் வேண்டாம், வெட்டுவாயில் எப்போதும் வேண்டாம்.

இன்னொரு தவறும் செய்திருக்கிறேன். அடுக்கு இதழில் கருஞ்சிவப்பாகப் பூக்கும் ஒட்டுச்செடி ஒன்று வாங்கி, அடுத்த மாசியில் மொட்டையடித்தேன். நன்றாகத்தான் துளிர்த்தது. பூத்தபோது பார்த்தால் சாதாரண ஒற்றை இதழ் ரோஸ் பூ. ஒட்டுக்குக் கீழே வெட்டிவிட்டேன், துளிர்த்ததெல்லாம் கீழே இருந்த நாட்டு வேர்ச்செடி. ஒட்டுச்செடியின் தண்டில் தழும்புபோல் ஒரு வளையம் தெரியும். அதற்கு மேல்தான் கத்தி. கீழே எது முளைத்தாலும் கிள்ளி எறிந்துவிட வேண்டும்.

யூபோர்பியாவுக்கு இவ்வளவு பஞ்சாங்கம் வேண்டாம். அடைமழையைத் தவிர எப்போது வெட்டினாலும் பிழைத்துக்கொள்ளும். அதற்காக வெட்டாமலே விட்டாலும் சரியில்லை. பழைய தண்டில் இலை உதிர்ந்தால் அந்த இடத்தில் மறுபடி இலை வராது, முள் மட்டும் மிஞ்சும். வெட்டினால்தான் பக்கக் கிளை வந்து புதராகும். பெரிய பூ பூக்கும் தாய்லாந்து ரகங்கள் தண்டு தடித்து, கிளை விடக் கஞ்சத்தனம் செய்யும். அவற்றுக்கு வெட்டு இன்னும் அவசியம். மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் போதும்.

வெட்டுவதுதான் பாடு. அடீனியத்தைக் கையுறை போட்டுப் பிடித்து அமைதியாக வெட்டலாம், இதை இடுக்கியால் பிடிக்கணும், அல்லது செய்தித்தாளை மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடிக்கணும். வெட்டியதும் வெள்ளைப் பால் கொட்டும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் விபரீதம். தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டியதுதான். வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் நிற்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றாதீர்கள், போடாதவர்கள் அன்றைக்கு மட்டும் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டிய குச்சி

இதில் யூபோர்பியா ஜெயிக்கிறது. குச்சியைக் கழுவி, சில நாள் நிழலில் காயவைத்து மணலில் குத்தினால் வேர்விடும். ஒரு செடி வாங்கினால் தெருவுக்கே கொடுக்கலாம். அடீனியக் குச்சியும் வேர்விடும், பூவும் பூக்கும், ஆனால் நாம் ஆசைப்பட்டு வாங்கிய அந்தக் குண்டு அடித்தண்டு லேசில் திரளாது. அதற்கு விதையிலிருந்து வளர்த்ததுதான் வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போது வேர்ப்பகுதியை ஒரு அங்குலம் மேலே தூக்கி நட்டால் குண்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். இந்த விளையாட்டு யூபோர்பியாவில் கிடையாது.

ஆடு, புழு

தெருவில் ஆடு திரியும் ஊர் நம்முடையது. யூபோர்பியா பக்கம் ஆடு வாய் வைக்காது. அடீனியத்தில் முள் இல்லை, ஆனால் சாறு விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். ஆடு தின்றால் ஆட்டுக்காரரோடு சண்டை, குழந்தை வாயில் வைத்தால் அதைவிட மோசம். அதனால் தெருப்பக்கம் அடீனியம் வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். குழந்தைகள் பந்து விளையாடும் இடத்தில் யூபோர்பியாவும் வேண்டாம், அந்த முள்ளில் விழுந்த பந்தை எடுக்கப் போகும் கையை நினைத்துப் பாருங்கள்.

மாவுப்பூச்சி இரண்டிலும் வரும். அடீனியத்துக்குக் கூடுதலாக ஒரு விருந்தாளி உண்டு. அரளியிலும் நந்தியாவட்டையிலும் வருமே, விரல் தடிமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் வரைந்ததுபோல, அதேதான். ஒரே இரவில் இலையெல்லாம் காலி. மருந்து தேடி ஓட வேண்டாம், எண்ணினால் நாலைந்துதான் இருக்கும், குச்சியால் எடுத்துப் போட்டுவிடலாம். இலை போன அடீனியம் மறுபடி துளிர்க்கும்.

பூவை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லச் சொன்னால் அடீனியம்தான். சித்திரை வெயிலில் ஊரே வாடிக் கிடக்கும்போது இலை தெரியாமல் பூத்து நிற்பதைப் பார்த்தால் மற்றதெல்லாம் மறந்துவிடும். யூபோர்பியாவின் பூ சின்னது. நாம் இதழ் என்று நினைப்பதுகூட இதழ் இல்லை, நிறம் மாறிய இலைச்செதில். அதனால்தானோ என்னவோ வாரக்கணக்கில் வாடாமல் இருக்கிறது. வருடத்தில் அது பூவில்லாமல் நிற்கும் நாள் குறைவு.

இரண்டும் வேண்டாம், செலவில்லாமல் வேண்டும் என்கிறவர்களுக்கு டேபிள் ரோஸ், அதாவது பத்துமணிப் பூ. ஒரு துண்டைக் கிள்ளி மணலில் செருகினால் ஒரு வாரத்தில் வேர். நீண்டால் கத்தரிக்கோலால் தலையை ஒட்ட வெட்டலாம், மறுபடி தழைக்கும். மதியத்துக்கு மேல் பூ மூடிக்கொள்ளும், அடைமழையில் கரைந்துவிடும். எனக்கு அது கோலம் மாதிரி, அன்றாடம் போட்டால்தான் உண்டு.

லாத்தாவிடம் நான் சொன்னது இதுதான்: "வாசலுக்கு யூபோர்பியா ரெண்டு இப்பவே வைங்க, ஒரு மாசம் நீங்க இல்லாட்டியும் நிக்கும். அடீனியம் ஆசைன்னா தை பிறக்கட்டும், உள் முற்றத்துல மழை விழாத மூலையில ஒண்ணு வைப்போம்."

யூபோர்பியா என் வீட்டுக் குச்சிகளே போயின. முதல் வாரமே ஒன்று சேலையில் மாட்டிக் கிழித்துவிட்டது என்று வசவு வாங்கினேன். அடீனியம் தை கடைசியில் வந்தது, ஒட்டில்லாத விதைச்செடி, கொக்கு மாதிரி நீண்ட இரண்டே கிளை. மாசி பிறந்ததும் பிளேடோடு வரச் சொல்லியிருக்கிறார்.