குளொக் 17ஆ, பெரெட்டா 92ஆ? மலையக ஈரத்தில் எது தாங்கும்

பாதுகாப்பு வேலையில் இருக்கும் இரண்டு தம்பிமார், ஒருவர் ஹட்டன், மற்றவர் நுவரெலியா, இந்த இரண்டு கைத்துப்பாக்கிகளில் மலையக ஈரத்துக்கு எது நல்லது என்று கேட்டார்கள். அனுமதிப்பத்திரம் கையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

எடை: ரவை போடாமல் குளொக் ஏறக்குறைய 630 கிராம். பெரெட்டா 950ஐத் தொடும்.

துரு: குளொக்கின் உடல் பொலிமர், பெரெட்டாவினுடையது அலுமினியம். இரண்டும் துருப்பிடிக்காது. உள்ளே இருக்கும் சின்ன உருக்குப் பாகங்கள் பிடிக்கும். மழையில் நனைந்த தோல் உறையில் இரவு விட்டுவைக்கவே கூடாது.

உடைவது: பெரெட்டாவில் முதலில் பார்க்கவேண்டியது லொக்கிங் பிளொக், அதாவது சுடும்போது குழலையும் ஸ்லைடையும் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) சேர்த்துப் பூட்டும் துண்டு. இரு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதின் அடியில்தான் மயிரிழை போலக் கீறல் விழும். துடைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். 1980களின் கடைசியில் அமெரிக்கப் படையின் பெரெட்டாக்களில் சில ஸ்லைடுகளே உடைந்தன. அதற்குப் பிறகுதான், உடைந்தாலும் முகத்தை நோக்கிப் பறக்காதபடி 92எஃப்எஸ் என்ற திருத்திய வகையில், சுத்தியலைத் தாங்கும் ஆணியின் தலையைப் பெரிதாக்கினார்கள். குளொக்கில் ட்ரிகர் ஸ்பிரிங் எப்போதாவது முறியும், மாற்றுவது சுலபம்.

கழற்றுவது: குளொக்கைக் கழற்ற ட்ரிகரை இழுத்தாகவேண்டும். மகசீனை எடுத்து, குழலின் பின்முனையில் ரவை உட்காரும் அறைக்குள் ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தரம் பாருங்கள். பெரெட்டாவில் ட்ரிகரைத் தொடவே வேண்டாம், எனக்கு அது பெரிய நிம்மதி.

சரி, பனியிலும் மழையிலும் நாள் முழுக்கச் சுமக்கும் ஹட்டன் தம்பிக்குக் குளொக். பொறுமையாகத் துடைத்துப் பார்த்து, இலக்குப் பயிற்சிக்கு மட்டும் எடுக்கும் நுவரெலியா தம்பிக்குப் பெரெட்டா.