'ஸ்பெஷல் தமிழ் ஃபாண்ட்' என்று யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள்

மொரீஷியஸில் பைத்தான் என்ற நிரல்மொழியில் தமிழ் வரைபடம் போடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஃபாண்ட் (எழுத்துரு) விற்று ஏமாற்றிய ஆளிடம் அடுத்து போய் மாட்டப்போவது நம்மில் ஒருவராகத்தான் இருக்கும்.

காவடியை ஒட்டி எங்கள் சங்கத்தில் சின்னதாக ஒரு கண்காட்சி. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்ததிலிருந்து எல்லோருக்கும் மழைக் கணக்கில் ஆர்வம். க்யூர்பீப் ஊர் மழையையும் போர்ட் லூயிஸ் மழையையும் மாதவாரியாக, பைத்தானில் வரைபடம் போட உதவும் மேட்ப்ளாட்லிப்பில் போட்டேன். பிரெஞ்சு எழுத்து ஒழுங்காக வந்தது. தமிழ் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். மேட்ப்ளாட்லிப் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் டெஜாவு சான்ஸ் ஃபாண்டில் தமிழே கிடையாது. சரி என்று நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபாண்டை இறக்கிப் போட்டேன். கட்டம் போனது, வேறு கோளாறு வந்தது. 'மழை'யில் ஐகாரக் கொம்பு ழகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதற்காகச் சண்டை போட்டு, நோட்டையே திரும்பப் பெறவைத்த ஊர் இது. கொம்பு இடம் மாறிய படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வீடு திரும்ப முடியுமா?

டிசைன் கடை ஒன்றுக்குப் போனேன். "மிஸ்யே, இதுக்கென்றே நாங்கள் செய்த ஃபாண்ட் இருக்கிறது" என்றார். 3,500 ரூபாய், முன்பணமாக. இரண்டு நாளில் பிடிஎஃப் வந்தது, எழுத்து அச்சுப்போல இருந்தது. ஒரு மாதத்தின் பெயரில் பிழை. திருத்த இன்னொரு 500 கேட்டார். நானே திருத்திக்கொள்கிறேன் என்று அவர் அனுப்பியிருந்த நிரலைத் திறந்தால், 'மழை' இருக்க வேண்டிய இடத்தில் கே, ஐ, ஓ என்று மூன்று ஆங்கில எழுத்துகள்!

பழைய பாமினி முறை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த ஃபாண்ட். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டுவதால் கொம்பு தானாக முன்னால் வந்துவிடுகிறது. பிடிஎஃபில் 'மழை' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஃபாண்ட் கோப்புக்குத் தன் கடைப் பெயரை வைத்திருந்தார், உள்ளே பதிந்திருக்கும் பெயரை மாற்ற மறந்துவிட்டார். மேட்ப்ளாட்லிப் உள்பெயரைத்தான் படிக்கும். கேட்டதும் சொல்லிவிட்டது, இணையத்தில் வருடக்கணக்காகச் சும்மா கிடைக்கிற ஃபாண்ட். பழையதைப் போட்டதில் எனக்குக் கோபமில்லை. "நாங்கள் செய்தது" என்று விற்றாரே, அதுதான் ஆறவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "எழுத்து தெரிகிறதல்லவா?" என்றார். அப்புறம் போனை எடுப்பதே இல்லை.

உண்மையில் கோளாறு ஃபாண்டில் இல்லை. என் கணினியில் இருந்த மேட்ப்ளாட்லிப் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறதே தவிர, தமிழுக்கு வேண்டியபடி கோத்து மாற்றுவதில்லை. எஸ்விஜி ஃபாண்ட்டைப் (svg.fonttype) என்ற அமைப்பை 'நன்' (none) என்று வைத்து, எஸ்விஜி என்ற படக் கோப்பாகச் சேமித்தேன். அப்போது எழுத்து படமாக மாறாமல் எழுத்தாகவே இருக்கும். நோட்டோவைக் கணினியிலும் நிறுவிவிட்டு, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் திறந்தேன். கொம்பு தன் இடத்தில் நின்றது. அங்கிருந்தே பிடிஎஃப் எடுத்தாயிற்று. புதிதாகப் போட்ட ஃபாண்டை மேட்ப்ளாட்லிப் காணவில்லை என்று அடம்பிடித்தால், அதன் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) கோப்புறையில் உள்ள ஃபாண்ட் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இதெல்லாம் அரை மணி நேர வேலை. யாரிடமாவது செய்யக் கொடுத்தாலும், காசு தருவதற்கு முன் பிடிஎஃபிலிருந்து ஒரு சொல்லை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் கொடுங்கள்.