நம்பர் பிளேட் கழன்று போகாமல் இருக்க: இரண்டு வருட அனுபவம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியில் பெய்த மழையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. காரை முன்கூட்டியே மேட்டில் ஏற்றி நிறுத்தியிருந்ததால் இன்ஜின் தப்பித்தது. அந்தத் தைரியத்தில் நாலாம் நாள் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வண்டியை எடுத்தேன். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். எதிரே ஒரு லாரி வந்தது. அது எழுப்பிய அலை பானட் வரைக்கும் அடித்தது. நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று நானும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பக்கம் மொட்டை. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும், மூக்குத்தி கழற்றிய மூக்கு மாதிரி.

அப்புறம் நடந்த அலைச்சலையும், புது பிளேட்டை மாட்டிய விதத்தையும், அது இந்த இரண்டு வருடத்தில், 31,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் சொல்கிறேன்.

என் வண்டி 2019 கடைசியில் வாங்கிய சின்ன கார். அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஷோரூமிலேயே உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டித் தருகிறார்கள். அலுமினியத் தகடு, மேல் இடது ஓரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம், கீழே லேசரில் பொறித்த எண், நீல நிறத்தில் இந்தியாவைக் குறிக்கும் மூன்று எழுத்து. இதைப் பிடித்திருப்பது ஸ்னாப் லாக். ஒரு தடவை அழுத்திவிட்டால் உடைக்காமல் கழற்ற முடியாது, உடைத்ததைத் திரும்பவும் போட முடியாது. ஒரு வண்டியின் பிளேட்டைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டிவிட்டுத் தப்பு செய்பவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

அதனால்தான் முதலில் எனக்குப் புரியவில்லை. உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டு, தண்ணீருக்கு எப்படிக் கழன்றது?

காவல் நிலையத்தில் தொலைந்ததாக மனு கொடுத்து ரசீது வாங்கி, ஆர்சி நகலோடு ஷோரூமில் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் என்னைப் போல் வரிசையாக ஆட்கள். கவுண்டரில் இருந்த பெண் முகத்தைக்கூடப் பார்க்காமல் "முன்னாடியா சார்?" என்று கேட்டார். எல்லோருக்கும் முன்னாடிதான் போயிருந்தது. பின்பக்கம் போனவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. பிளேட் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை ரசீதை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

மூன்றாவது வாரம், பாலத்துக்குப் பக்கத்து டீக்கடைச் சுவரில் பத்துப் பன்னிரண்டு நம்பர் பிளேட்டுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஓடையில் ஒதுங்கியதை யாரோ பொறுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் என்னுடையதும் இருந்தது, நடுவில் மடங்கி, சேறு காய்ந்து. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஸ்னாப் லாக் இரண்டும் அப்படியே இருந்தன, ஒரு கீறல் இல்லை. பின்னால் கருப்பு பிளாஸ்டிக் ஹோல்டரும் அதோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. ஹோல்டரின் ஓட்டைகளில் இரண்டு துருப்பிடித்த ஸ்க்ரூ தொங்கின. அவற்றின் மரையில் பம்பர் பிளாஸ்டிக்கின் சுருள் கொஞ்சம் சிக்கியிருந்தது.

அதைக் கொண்டுபோய் லேத் பட்டறைத் தம்பியிடம் காட்டினேன். விரலால் ஸ்க்ரூவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பூட்டு பூட்டுனபடியேதான் இருக்கு அண்ணாச்சி. கதவுதான் போச்சு."

விஷயம் அவ்வளவுதான். தகடு ஹோல்டரை விட்டுப் போகவில்லை, ஹோல்டர் பம்பரை விட்டுப் போய்விட்டது. நாம் எல்லோரும் பூட்டைப் பற்றியே பேசுகிறோம். அந்தப் பூட்டு மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் துண்டு காரில் எப்படி நிற்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. என் வண்டியில் அது நின்றது இரண்டே இரண்டு ஸ்க்ரூவில், அதுவும் மேல் வரிசையில் மட்டும். பம்பர் 3 மி.மீ. தடிமன்கூட இல்லாத பிளாஸ்டிக். அதில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூவுக்கு இரண்டு சுற்றுதான் பிடிப்பு. கீழ் ஓரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், ராத்திரி தூக்கம் வராத நேரத்தில். பிளேட் 50 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது முழுசாகத் தண்ணீரில் மோதினால் வருகிற விசை ஏறத்தாழ 90 கிலோ எடை. நடக்கிற வேகத்தில், அதாவது 5 கிலோமீட்டரில், வெறும் 6 கிலோ. வேகம் நாலு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. அந்தத் தண்ணீர் தொங்குகிற கீழ் ஓரத்துக்குப் பின்னால் புகுந்து, முறம் புடைக்கிற மாதிரி மேலே தூக்கினால் இரண்டு சுற்று மரை என்ன செய்யும்? 2024 ஏப்ரலில் துபாய், ஷார்ஜா பக்கம் பெருமழை பெய்தபோது, அங்கே இருக்கும் என் மச்சான் ஒரு போட்டோ அனுப்பினான். தண்ணீர் வடிந்த சாலையோரத்தில் நம்பர் பிளேட்டுகள் குவிந்து கிடந்தன. ஊர் எதுவானால் என்ன, முன்பக்கத்தை மாட்டுகிற லட்சணம் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, மாட்டிய கதைக்கு வருகிறேன். புது பிளேட் வருவதற்கு முன்பே ஹோல்டர் வேலையை முடித்துவிட வேண்டும் என்று தம்பி சொன்னான். அது முக்கியமான யோசனை. பிளேட்டை மாட்டிவிட்டால் ஹோல்டரின் ஓட்டைகள் அதற்குப் பின்னால் மறைந்துவிடும், ஸ்னாப் லாக்கை உடைக்காமல் கை வைக்க முடியாது. தவிர, உயர் பாதுகாப்புத் தகட்டில் நாமே டிரில் போடக் கூடாது. ஹோல்டரில் எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போடலாம், அது நம் சொத்து.

புது ஹோல்டர் ஒன்று வாங்கினோம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு இடத்தில் 6 எம்.எம். ஸ்டெயின்லெஸ் போல்ட், 25 மி.மீ. நீளம். தலை தட்டையாக இருக்க வேண்டும், துருத்திக்கொண்டிருந்தால் மேலே தகடு படியாது. ஹோல்டருக்கும் பம்பருக்கும் நடுவில் ரப்பர் வாஷர். பம்பருக்குப் பின்பக்கம் அகலமான வாஷர், அதன்மேல் நைலாக் நட். இந்த நட்டின் வாயில் ஒரு நைலான் வளையம் இருக்கும். அது மரையைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் அதிர்வில் தானாகக் கழலாது. எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள்தான் வந்தது.

டிரில் போடும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிரில்லுக்குப் பின்னால் ஏசி கண்டென்சர் இருக்கிறது. டிரில் ஒரு அங்குலம் அதிகம் போனால் நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும். தம்பி ஒரு சின்ன மரத்துண்டில் ஓட்டை போட்டு, அதை டிரில் பிட்டில் கோத்து, முனை மட்டும் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிகிற மாதிரி விட்டான். மரம் பம்பரில் முட்டினால் அதற்கு மேல் போகாது. பம்பருக்குள் கை விட வண்டியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரின் கிளிப்புகளைக் கழற்ற வேண்டியிருந்தது. இரண்டு கிளிப் உடைந்தது தனிக் கதை. நட்டை முறுக்கும்போது ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரைதான் இறுக்கினான். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் குழிந்துவிடும்.

மரையில் விட்டால் நட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும் பசைத் திரவமான திரெட்லாக் போடலாமே என்று நான்தான் கேட்டேன். வேண்டாம் என்றான், காரணம் சொல்லவில்லை. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், அந்தத் திரவம் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக் வெடிப்பு விட்டுவிடும். நைலாக் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஷோரூமில் பிளேட்டை ஸ்னாப் லாக் போட்டு மாட்டித் தந்தார்கள். பழைய மடங்கிய தகட்டையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டேன். மாட்டிய பையன் ஹோல்டரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், வண்டியவே இதைப் புடிச்சுத் தூக்கலாம் போல" என்றான்.

இனி இரண்டு வருடக் கணக்கு.

முதல் சில மாதம் பேச ஒன்றுமில்லை. அந்த வருடக் கோடையில் ஒரு ரப்பர் வாஷர் வெடித்து, ஓரம் உதிர ஆரம்பித்தது. சைக்கிள் கடையில் எடுத்த சாதாரண ரப்பர், வெயிலுக்குத் தாங்கவில்லை. நட் கழலவில்லை, ஆனால் அந்த மூலையில் லேசாக ஆட்டம் வந்தது. நாலையும் மாற்றி, பழைய லாரி டியூபில் வெட்டிய வாஷர் போட்டோம். அது இன்றுவரை இருக்கிறது.

கடல் காற்றைப் பற்றித்தான் எனக்குப் பயம். பழைய சாதாரண ஸ்க்ரூ இருந்தபோது பிளேட்டுக்குக் கீழே பம்பரில் பழுப்புக் கோடு வழிந்திருக்கும், வெற்றிலை எச்சில் மாதிரி. இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வேறு சேர்ந்துகொள்ளும். இப்போது போல்ட் தலை ஹோல்டர் பிளாஸ்டிக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, தகட்டைத் தொடுவதில்லை. ஒன்றரை வருடத்தில் அடியில் குனிந்து பார்த்தபோது நட்டில் லேசான பழுப்பு படிந்திருந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஸ்டெயின்லெஸ் என்றாலும் எங்கள் ஊர்க் காற்றுக்குத் துடைப்பு தேவைதான்.

உண்மையான சோதனை போன வடகிழக்குப் பருவமழையில் வந்தது. சுரங்கப்பாதை ஒன்றில் தேங்கிய தண்ணீரில் போக வேண்டியதாயிற்று. இந்தத் தடவை முதல் கியரில் மெதுவாகத்தான் போனேன், புத்தி வந்திருந்தது. ஆனால் பின்னால் வந்த பஸ் என்னை முந்திக்கொண்டு போய் அதே பழைய அலையைக் கிளப்பியது. கரை ஏறியதும் முதல் வேலையாக இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். ஹோல்டருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஆகாயத்தாமரைத் தண்டு ஒன்று செருகியிருந்தது. பிளேட் அசையவில்லை.

குறையும் இருக்கிறது. முன்பெல்லாம் பார்க்கிங்கில் யாராவது லேசாக இடித்தால் ஹோல்டர் உடைந்து விழும், பம்பர் தப்பிக்கும். இப்போது ஹோல்டர் விடாது. சென்ற வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருவர் ரிவர்ஸ் எடுத்து இடித்ததில் கீழ் போல்ட்டைச் சுற்றிப் பம்பரில் நகம் அளவுக்கு விரிசல் விட்டது. பின்னால் ஒரு அலுமினியப் பட்டை வைத்து இரண்டு போல்ட்டையும் சேர்த்திருந்தால் அடி பரவியிருக்கும் என்று தம்பி இப்போது சொல்கிறான். அப்போதே சொல்லியிருக்கலாம்.

டபுள் டேப் ஒட்டினால் போதாதா என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். நல்ல ஃபோம் டேப் சுத்தமான, தட்டையான இடத்தில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பம்பர் வளைவானது, ஹோல்டர் தட்டையானது. இரண்டு ஓரமும் காற்றில் நிற்கும். அவர் ஒட்டினார், சித்திரை வெயிலில் ஒரு முனை நாக்கு தொங்கியது. கேபிள் டை போடுகிறவர்கள் கருப்பாவது போடுங்கள். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் முறுக்கு மாதிரி நொறுங்கிவிடும்.

பின்பக்கத்தை நான் தொடவில்லை. அங்கே உலோகக் கதவு, தண்ணீர் நேராக மோதுவதும் இல்லை. டிக்கியைச் சாத்தும்போது கடகடவென்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தகட்டின் கீழ் ஓரத்துக்குப் பின்னால் இரண்டு துண்டு ஃபோம் செருகினேன், நின்றது. ஒரு ஸ்னாப் லாக்கின் மூடி மட்டும் எங்கேயோ தெறித்துப் போயிருக்கிறது. பூட்டு பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, பார்க்கத்தான் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. அடுத்த சர்வீஸுக்கு விடும்போது கேட்டுப் பார்க்க வேண்டும்.