உறுதிமொழியா, முகாமா?

2022 ஆகஸ்டில் தமிழகப் பள்ளி, கல்லூரிகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று கை நீட்டி, போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். மத்திய அரசின் 'நஷா முக்த் பாரத்' (போதையில்லா இந்தியா) இயக்கம் 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கியது. பேரணி, ஓவியப் போட்டி, உறுதிமொழி என்று அதுவும் இதே பாணிதான். இவற்றின் அறிக்கைகளில் முதலில் நிற்பது கலந்துகொண்டோர் எண்ணிக்கை. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்று வருடம் கழித்தும் எதையும் தொடவில்லை? அதுதானே கணக்கு!

இந்த வழியை அமெரிக்கா முன்பே நடந்து பார்த்துவிட்டது. 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸார் வகுப்பறைக்குள் வந்து பாடம் எடுத்த 'டேர்' திட்டம் பெற்றோருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

மறுபக்கம், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை. குடிநோயாளிக்குச் சிகிச்சை, குடும்பத்துக்குத் தனி ஆலோசனை, வீடு திரும்பிய பிறகும் தொடர்பு. மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை முகாமும் நடத்தினார்கள். இது சிகிச்சை, தடுப்பு ஆகுமா என்று கேட்கலாம். குடியை விட்ட அப்பாவைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடத்தை எந்தப் பேரணி தரும்? ஆள் பெயர் தெரியும் என்பதால், மறுபடி விழுந்தவரையும் எண்ண முடிகிறது.

ஆனால் எட்டும் தூரம் குறைவு. எய்ம்ஸ் நிபுணர்கள் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் ஆகாது. போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச உதவி எண்ணை நாடு முழுக்க நடத்த அரசால்தான் முடியும். தொண்டு நிறுவனங்களின் மறுவாழ்வு மையங்கள் பலவும் அரசு மானியத்தில்தான் ஓடுகின்றன. (2003 முதல் தமிழகத்தில் சில்லறைக் கடையில் மது பாட்டில் விற்பதும் அரசுதான், மாநில அரசு. அதை எந்த உறுதிமொழியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.)

என் ஊருக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் முகாமைத்தான் கேட்பேன். செலவு அரசுடையதாக இருக்கட்டும். ஒரு வருடம் கழித்து வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற ஆளின் சம்பளத்தையும் அந்தச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும்.